கோரையின் திசையும் ஒளியின் திசையும்: நுண்குழிக்குள் ஒழுங்குபட்ட எக்ஸைட்டான்கள்

பங்குனி மாதக் காலையில் ஒன்பது மணியை ஒட்டி, குறுக்குத்துறைப் படித்துறையில் கிழக்கு நோக்கி நிற்பவருக்குத் தாமிரபரணியின் நீர் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளித் தகடாகத் தெரியும். தளவிளைவுக் குளிர்கண்ணாடி அணிந்துகொண்டு அதே படியில் நின்றால் அந்தக் கூச்சம் பெருமளவு அடங்கி, நீருக்கடியில் கிடக்கும் மணலும் கூழாங்கற்களும் தெரியத் தொடங்கும். கண்ணாடியைக் கழற்றாமலேயே தலையைத் தோளின் மேல் நன்றாகச் சாய்த்துப் பார்த்தால், அடங்கியிருந்த கூச்சம் மீண்டும் எழும். கண்ணாடியும் நீரும் வெயிலும் முன்பு இருந்தபடியே இருக்கின்றன. மாறியது கோணம் மட்டுமே.

சூரிய ஒளியின் மின்புலம், ஒளி செல்லும் திசைக்குச் செங்குத்தான எல்லாத் திசைகளிலும் ஒழுங்கின்றி அதிர்கிறது. நீர்ப்பரப்பின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 53 பாகை சாய்வில் விழும் ஒளி எதிரொளிக்கும்போது, நீர்மட்டத்துக்கு இணையாக அதிரும் மின்புலம் மட்டுமே அதில் எஞ்சுகிறது. இவ்வாறு மின்புலம் ஒரே தளத்தில் அதிரும் ஒளியையே தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். கண்ணாடியில் இருப்பது, அயோடின் ஏற்றி ஒரே திசையில் இழுத்து நீட்டப்பட்ட பாலிவினைல் ஆல்கஹால் படலம். இழுத்த திசையில் நீளவாக்கில் படுத்திருக்கும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள், தமக்கு இணையாக அதிரும் மின்புலத்தை உட்கவர்ந்து, குறுக்காக அதிர்வதை விட்டுவிடுகின்றன. ஒழுங்குபட்ட பொருள் ஒளியைத் திசை பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி அதற்கு அடுத்தது. இப்படி ஒழுங்குபட்ட பொருளைத் திறந்த வெளியில் வைக்காமல், ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைந்த இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு ஆடிகளுக்கு நடுவே அடைத்தால் என்ன நடக்கும்? உட்கவர்தல் கூடும் என்பதே முதலில் தோன்றும் விடை. உண்மையில் நடப்பது வேறு: ஒளியும் பொருளும் கலந்த புதிய நிலைகள் பிறக்கின்றன. அவை பிறக்குமா, பிறந்தால் எவ்வளவு வலுவாக நிற்கும் என்பதைப் பொருளின் இயல்போடு, ஒளியின் தளத்துக்கும் பொருளின் அச்சுக்கும் இடையிலான கோணமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

ஒழுங்கு என்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைத் திருநெல்வேலிக்காரர்கள் ஒரு கல்லைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். தாழையூத்தில் சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி கால்சைட் என்னும் கனிமம். 1669-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முஸ் பார்த்தோலின், ஐஸ்லாந்திலிருந்து வந்த தெளிந்த படிகம் ஒன்றின் வழியாகப் பார்த்தால் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்று எழுதி வியந்ததும் இதே கால்சைட்டைத்தான். 1808-ல் பாரிசில் எத்தியேன் லூயி மாலஸ், லக்சம்பர்க் அரண்மனைச் சாளரங்களில் எதிரொளித்த மாலை வெயிலைக் கால்சைட் படிகம் ஒன்றின் வழியே நோக்கி, படிகத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பிம்பங்களின் ஒளிர்வும் மாறி மாறிக் கூடிக் குறைவதைக் கண்டார். எதிரொளிப்பால் ஒளி தளவிளைவுறுகிறது என்ற கண்டுபிடிப்பு அப்படித்தான் நிகழ்ந்தது. தாழையூத்துக் கல்லின் வழியே யாரும் இரட்டைப் பிம்பம் பார்த்ததில்லை. அந்தக் கல்லில் கோடிக்கணக்கான சிறு படிகமணிகள் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. ஒவ்வொரு மணியும் இரட்டை விலகல் செய்தாலும், மொத்தத்தில் திசை என்பது சராசரியாகிக் கரைந்துவிடுகிறது. பொருளின் இயல்பு இருந்தும், ஒழுங்கில்லாமையால் அது வெளிப்படுவதில்லை.

இனி எக்ஸைட்டான். குறைக்கடத்தியோ சாய மூலக்கூறோ ஒரு ஒளித்துகளை உட்கவரும்போது, எலக்ட்ரான் ஒன்று மேல்நிலைக்குத் தாவி, தான் இருந்த இடத்தில் நேர்மின் தன்மையுள்ள துளை ஒன்றை விட்டுச் செல்கிறது. எதிர்மின் எலக்ட்ரானும் நேர்மின் துளையும் ஒன்றையொன்று ஈர்த்துப் பிணைந்து ஒரே துகள்போல் இயங்கும்போது அந்த இணைக்கு எக்ஸைட்டான் என்று பெயர். 1931-ல் யாக்கோவ் ஃப்ரெங்கல் முன்வைத்த கருத்து இது. காலியம் ஆர்சனைடு போன்ற கனிமக் குறைக்கடத்திகளில் இந்தப் பிணைப்பு சில மில்லி எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலுக்குரிய அலகு) அளவே என்பதால், 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுள்ள அறைவெப்பமே அதை எளிதில் குலைத்துவிடும். கரிமச் சாயங்களிலும் கார்பன் நானோகுழாய்களிலும் பிணைப்பு நூற்றுக்கணக்கான மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரை செல்வதால், எக்ஸைட்டான் நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும் குலையாது நிற்கும்.

எக்ஸைட்டானுக்குத் திசை எங்கிருந்து வருகிறது? ஒளியின் மின்புலம் எலக்ட்ரானை எந்த நேர்கோட்டில் அசைத்தால் அது மேல்நிலைக்குத் தாவுமோ, அந்தக் கோட்டையே அதன் இடைநிலை இருமுனையின் திசை என்கிறோம். நீண்ட மூலக்கூறுகளில் பெரும்பாலும் அது நீளவாட்டிலும், நானோகுழாயில் குழாயின் அச்சிலும், மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற ஓரடுக்குத் தட்டையான படிகங்களில் தட்டின் தளத்துக்குள்ளும் அமைகிறது. பட்டாசலில் உத்திரத்துக் கொக்கியில் இரும்புக் கம்பிகளால் மாட்டிய ஊஞ்சலை நினைத்துக்கொள்ளலாம். அது முன்னும் பின்னும் ஆடவே அமைந்தது. நேராகத் தள்ளினால் முழு வேகம் கிடைக்கும். ஆடும் திசைக்கு 60 பாகை சாய்த்துத் தள்ளினால் தள்ளுவிசையில் பாதிதான் பயன்படும். சரியாகப் பக்கவாட்டில் எவ்வளவு வலுவாகத் தள்ளினாலும் அது ஆடாது.

நுண்குழி என்பது ஒளிக்கான ஊஞ்சல். ஃபேப்ரியும் பெரோவும் 1899-ல் வடிவமைத்த இரட்டை ஆடிக் கருவியின் மிகச் சிறிய வடிவம் அது. மெல்லிய வெள்ளிப் படலங்களையோ, கால் அலைநீளத் தடிமனில் இரண்டு ஒளிபுகு பொருள்களை மாற்றி மாற்றி அடுக்கிய ஆடிகளையோ எதிரெதிரே வைத்து, நடுவில் அரை அலைநீளம் மட்டும் இடம் விடுகிறார்கள். 620 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிற ஒளிக்கு, ஒளிவிலகல் எண் 1.7 உள்ள பொருளை நிரப்பினால், அந்த இடைவெளி ஏறத்தாழ 182 நானோமீட்டர்; தலைமயிரின் பருமனில் நானூறில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். இதற்குள் அகப்பட்ட ஒளி நிலை அலையாகி நிற்கிறது. அதன் மின்புலம் ஆடிகளை ஒட்டிக் குறைந்தும் நட்டநடுவில் உச்சத்திலும் இருப்பதால், எக்ஸைட்டான் பொருளை நடுவில் வைப்பதே வழக்கம். நேர்க்குத்தாகச் செல்லும் ஒளிக்கு இந்தக் குழி எந்தத் திசைச் சார்பும் காட்டுவதில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்: கிழக்கு மேற்காக அதிரும் மின்புலத்துக்கும் வடக்கு தெற்காக அதிரும் மின்புலத்துக்கும் ஒரே ஆற்றல்தான். அந்தச் சமநிலையை உடைப்பது உள்ளே வைக்கப்படும் எக்ஸைட்டான்களின் ஒழுங்கு.

ஒரே உத்திரத்தில் ஒரே நீளத்தில் தொங்கும் இரண்டு ஊஞ்சல்களில் ஒன்றை ஆட்டிவிட்டால், உத்திரத்தின் சிறு அசைவு வழியாக ஆட்டம் மெல்ல மற்றதற்குச் சென்று, பிறகு முதலாவதற்கே திரும்பும். குழியின் ஒளியும் எக்ஸைட்டானும் ஒரே ஆற்றலில் இருக்கும்போது நிகழ்வதும் இதுவே: ஒளி எக்ஸைட்டானாகிறது, எக்ஸைட்டான் ஒளியாகிறது. ஒளி ஆடியின் வழியே கசிந்து வெளியேறுவதற்கும் எக்ஸைட்டான் தன் அதிர்வின் ஒத்திசைவை இழப்பதற்கும் முன்பாக இந்தப் பரிமாற்றம் நடந்துவிட்டால், இரண்டையும் தனித்தனியே பேசுவதில் பொருளில்லை. அப்போது உண்மையில் இருப்பவை, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பிளந்த இரண்டு கலப்பு நிலைகள். அவற்றுக்குப் போலாரிட்டான்கள் என்று பெயர். படிகங்களில் எக்ஸைட்டானும் ஒளியும் இப்படிக் கலப்பதை 1958-ல் ஜான் ஹாப்ஃபீல்டு கணக்கிட்டுக் காட்டினார். குறைக்கடத்தி நுண்குழியில் அந்தப் பிளவை 1992-ல் கிளோது வைஸ்புஷ் குழுவினர் கண்டனர். 1998-ல் டேவிட் லிட்சி குழுவினர் கரிமச் சாயம் ஒன்றைக் கொண்டு, அறைவெப்பத்திலேயே, பல மடங்கு பெரிய பிளவைக் காட்டினார்கள். பிளவு 200 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்றால், ஒளியும் எக்ஸைட்டானும் ஒரு முறை கைமாறித் திரும்ப ஏறத்தாழ 20 ஃபெம்டோ நொடி போதும். நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கை மேலும் பத்து லட்சமாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி.

இனிக் கோணத்துக்கு வருகிறோம். இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்த இடமும் இதுவே. குளிர்கண்ணாடியில் உட்கவர்தல் கோணத்தின் கொசைன் மதிப்பினது இருமடிப்படி மாறுகிறது. மாலஸ் விதி சொல்வது அதைத்தான். சாயத்தின் அச்சுக்கு 60 பாகை சாய்ந்த ஒளியில் கால் பங்கே உட்கவரப்படும். ஆனால் நுண்குழியில் பிளவின் அளவு கொசைனின் இருமடிப்படி மாறாமல், கொசைன்படியே மாறுகிறது. பிளவைத் தீர்மானிப்பது மின்புலத்தின் வீச்சு. ஒளிச்செறிவு என்பது அந்த வீச்சின் இருமடி. ஆகவே 60 பாகையில் உட்கவர்தல் காலாகக் குறைந்தாலும் பிளவு பாதி அளவில் இன்னும் நிற்கிறது. சிறியதாகத் தோன்றும் இந்த வேறுபாட்டின் விளைவு பெரியது: ஒளியின் தளம் எக்ஸைட்டானின் அச்சிலிருந்து வெகுதூரம் விலகிய பின்னும் ஒளிக்கும் எக்ஸைட்டானுக்கும் இடையிலான பிணைப்பு அறாமல் இருந்து, செங்குத்துக்கு மிக அருகில்தான் திடீரென அறுகிறது.

கணக்குக்காக, முழு ஒழுங்கில் பிளவு 200 மில்லி எலக்ட்ரான் வோல்ட், நிறமாலையில் எக்ஸைட்டான் வரி பரவியிருக்கும் அகலம் 60, குழி வரியின் அகலம் 20 என்று கொள்வோம். குளிர்கண்ணாடிப் படலம்போல் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவாக்கியைச் சுழற்றச் சுழற்ற, பிணைப்பின் வலு 60 பாகையில் 100 ஆகவும் 80 பாகையில் ஏறத்தாழ 35 ஆகவும் இறங்குகிறது. இரு வரிகளின் அகலங்களைக் கூட்டிப் பாதியாக்கினால் வரும் 40-ஐ விடப் பிணைப்பு குறையும்போது, அதாவது 78 பாகையைத் தாண்டியதும், நிறமாலையில் இரு உச்சிகளும் ஒன்றோடொன்று கலந்து பிரித்தறிய முடியாமல் போகின்றன. ஆனால் ஆற்றல் மட்டங்கள் அப்போதும் முழுமையாக ஒன்றாகிவிடவில்லை. இரு அகலங்களின் வேறுபாட்டில் பாதியான 20-க்குப் பிணைப்பு இறங்கும் இடத்தில், சுமார் 84 பாகையில், இரண்டு மட்டங்களும் அவற்றின் அலைவடிவங்களும் சேர்ந்தே ஒன்றாகிவிடுகின்றன. சிறப்புப் புள்ளி என்று இயற்பியலாளர் அழைக்கும் இடம் இதுவே. அதற்கு அப்பால் ஆற்றல்கள் ஒன்றாக இருக்க, அகலங்கள் மட்டும் பிரிகின்றன. ஒளி ஒளியாகவும் எக்ஸைட்டான் எக்ஸைட்டானாகவும் மீண்டும் தத்தம் வழியே போகின்றன. ஒரே மாதிரியில், வெப்பத்தையோ தடிமனையோ தொடாமல், ஒரு தளவிளைவாக்கியைத் திருப்புவதால் மட்டும் வலுப்பிணைப்பிலிருந்து பிணைப்பின்மை வரை தொடர்ச்சியாகச் செல்ல முடிகிறது. ஒரே திசையில் வரிசைப்பட்ட கார்பன் நானோகுழாய்ப் படலங்களை நுண்குழிக்குள் வைத்து 2018-ல் வெளியான ஆய்வு இந்தப் பயணம் முழுவதையும், சிறப்புப் புள்ளிகள் உட்பட, செய்துகாட்டியது.

நானோகுழாய்களை அப்படி வரிசைப்படுத்துவதே ஒரு கைவினை. பத்தமடையில் பாய் நெய்பவர்கள் கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி அல்லது பட்டுப் பாவின் குறுக்கே ஊடையாக ஒவ்வொன்றாகச் செலுத்தி நெருக்குவார்கள். கோரை முழுவதும் ஒரே திசையில் கிடப்பதால்தான் பாய் ஒரு பக்கம் துணிபோல் மடிகிறது, மறுபக்கம் விறைத்து நிற்கிறது. கோரையிழை ஒளியின் அலைநீளத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு தடித்தது என்பதால் பாய் ஒளியைத் தளவிளைவாக்காது. ஆனால் ஒரு திசைப்பட்ட இழைகளின் கூட்டம் ஒவ்வொரு திசையிலும் வேறுவேறாக நடந்துகொள்ளும் என்பதை விரலால் தொட்டு உணர அது போதும். ஆய்வகத்தில் கோரையின் இடத்தில் ஒரு நானோமீட்டர் பருமனுள்ள குழாய்கள் இருக்கின்றன. நீரில் கலந்து, நுண்துளைச் சவ்வின் வழியே மெதுவாக வடிகட்டும்போது அவை தாமாகவே பக்கம்பக்கமாகப் படுத்துக்கொள்ளுமாறு செய்கிறார்கள். சாய மூலக்கூறுகளுக்கோ, ஒரு திசையில் துணியால் தேய்த்த படலத்தின் மேல் திரவப் படிகத்தைப் பரப்பும் முறை உண்டு; கைபேசித் திரைகள் செய்யப் பழகிய முறைதான் அது.

ஒழுங்கு எவ்வளவு லாபம் தருகிறது என்பதை எண்களில் சொல்லலாம். இருமுனைகள் முப்பரிமாணத்திலும் தாறுமாறாகக் கிடந்தால், கொசைன் இருமடியின் சராசரி மூன்றில் ஒன்று. ஆடிகளுக்கு இணையான தளத்துக்குள் மட்டும் தாறுமாறாகக் கிடந்தால் அது இரண்டில் ஒன்று. எல்லாம் ஒரே திசையில் படுத்தால் முழுமையாக ஒன்று. மூலக்கூறுகள் அனைத்தும் சேர்ந்து ஒளியோடு கொள்ளும் கூட்டுப் பிணைப்பு இந்தச் சராசரியின் இருமடி மூலத்தைப் பொறுத்தது என்பதால், முற்றிலும் ஒழுங்கற்ற படலத்தை முற்றிலும் ஒழுங்குபடுத்தினால், அதே எண்ணிக்கை மூலக்கூறுகளைக் கொண்டே பிளவு 1.73 மடங்காகிறது. ஒழுங்கில்லாமல் அதே அளவை எட்ட வேண்டுமானால் மூன்று மடங்கு சாயம் திணிக்க வேண்டும். அவ்வளவு நெருக்கினால் மூலக்கூறுகள் ஒன்றின் ஒளிர்வை மற்றொன்று அவித்துக் கெடுத்துவிடும். ஆகையால் பொருளைக் கூட்டுவதைவிடப் பொருளை வரிசைப்படுத்துவதே மேலான வழி என்பது என் கருத்து.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒழுங்குபட்ட படலம் இரட்டை விலகல் உடையதாகிவிடுகிறது. இரு தளவிளைவுகளுக்கும் ஒளிவிலகல் எண் வேறாவதால் குழியின் ஒளி ஆற்றலே இரண்டாகப் பிரிகிறது. தளவிளைவாக்கி இல்லாமல் பதிவான நிறமாலையில் இரண்டு உச்சிகளைக் கண்டவுடன் போலாரிட்டான் பிளவு என்று முடிவுகட்டுவது இங்கே பெரும் பிழையாகலாம், ஏனெனில் அவை வெறும் இரட்டை விலகலின் இரு கோடுகளாகவும் இருக்கக்கூடும். ஒவ்வொரு தளவிளைவையும் தனித்தனியே, ஒளி விழும் கோணத்தை மாற்றி மாற்றி அளந்து, இரு கிளைகளும் எக்ஸைட்டான் ஆற்றலை நெருங்கும்போது வெட்டிக்கொள்ளாமல் விலகிச் செல்கின்றனவா என்று பார்த்த பிறகே வலுப்பிணைப்பு என்று சொல்வது முறை.

ஒளி சாய்வாக விழும்போது கதை மேலும் விரிகிறது. ஆடிக்கு இணையாகவே அதிரும் தளவிளைவு ஒன்று; ஆடிக்குச் செங்குத்தான மின்புலக் கூறையும் உடைய தளவிளைவு மற்றொன்று. நிமிர்ந்து நிற்கும் இருமுனைகள் நேர்க்குத்தாகச் செல்லும் ஒளியோடு அறவே பிணையாது, சாய்ந்த ஒளியில் இரண்டாவது வகையோடு மட்டுமே பிணையும். எக்ஸைட்டான்கள் எல்லாத் திசையிலும் சமமாக இருக்கும் குழியிலும் இந்த இரு வகைகளின் ஆற்றல்கள் சாய்வு கூடக் கூடப் பிரிவதால், நகரும் போலாரிட்டானின் தளவிளைவு தானாகச் சுழல்கிறது. 2005-ல் கணிக்கப்பட்டு 2007-ல் காணப்பட்ட ஒளிச் சுழற்சி ஹால் விளைவு இதிலிருந்து பிறந்தது. தளவிளைவு நிலை ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பினாலும் ஒளி அந்தப் பயணத்தின் வடிவத்தைத் தன் கட்டத்தில், அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தில் தான் நிற்கும் இடத்தில், நினைவாக வைத்திருக்கும் என்பதை 1956-லேயே பெங்களூரில், வயது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இயற்பியலாளர் சி. பஞ்சரத்தினம் நிறுவியிருந்தார் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நன்றியாகாது.

கரிமப் படிகங்களிலோ ஒழுங்கை இயற்கையே செய்து தருகிறது. ஆந்த்ரசீன் என்னும் கரிமச் சேர்மத்தின் படிகத்தில், மீண்டும் மீண்டும் அடுக்கப்படும் ஒவ்வோர் அலகுக்கூட்டிலும் இரண்டு மூலக்கூறுகள் இருவேறு சாய்வில் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் எக்ஸைட்டான்கள் தமக்குள் இணைந்து, வெவ்வேறு தளவிளைவும் வெவ்வேறு ஆற்றலும் கொண்ட இரண்டு வரிகளாகப் பிரிவதை 1948-ல் தாவிதோவ் விளக்கினார். 2008-ல் ஸ்டெஃபான் கேனா-கோஹன் குழுவினர் இந்தப் படிகத்தை நுண்குழிக்குள் வளர்த்து, தளவிளைவுக்கு ஏற்பப் போலாரிட்டான்கள் வேறுபடுவதைக் காட்டினர். 2010-ல் அதே படிகத்தில் அறைவெப்பப் போலாரிட்டான் லேசரும் இயங்கியது.

ஆந்த்ரசீன் என்றதும் இந்தச் சீமையில் நினைக்க வேண்டியவர் கே. எஸ். கிருஷ்ணன். பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவில்லிபுத்தூர்ப் பகுதியில் 1898-ல் பிறந்தவர். 1928-ல் ராமனோடு சேர்ந்து சிதறல் ஒளியை ஆராய்ந்தபோது, புதிதாகத் தோன்றிய மங்கலான ஒளி தளவிளைவுற்றிருந்தது என்பதே அது சாதாரண உடனொளிர்வு (ஃப்ளோரசென்ஸ்) அன்று என்று காட்டிய தடயங்களில் ஒன்றாக இருந்தது. பின்னர் டாக்காவிலும் கல்கத்தாவிலும், நாஃப்தலீன், ஆந்த்ரசீன் முதலிய படிகங்களை மெல்லிய இழையில் காந்தப்புலத்துக்குள் தொங்கவிட்டு, அவை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகின்றன என்று அளந்து, உள்ளே மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் படுத்திருக்கின்றன என்று கணக்கிட்டார். வெளியே அளந்த திசைச்சார்பிலிருந்து உள்ளே இருக்கும் ஒழுங்கைப் படித்தறியும் முறை அது.

இன்று அதே வேலையைப் போலாரிட்டான் பிளவும் செய்கிறது. படலத்தின் அச்சுக்கு இணையான ஒளியில் பிளவு 200 மில்லி எலக்ட்ரான் வோல்ட், குறுக்கான ஒளியில் 60 என்று வைத்துக்கொண்டால், இருமடிகள் 40,000-மும் 3,600-மும் ஆகும். இரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.83 கிடைக்கிறது. முழு ஒழுங்கு 1, முழுக் குழப்பம் 0 என்னும் அளவுகோலில், ஆடிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருக்கும் கோடானுகோடி இருமுனைகள் எவ்வளவு நேராகப் படுத்திருக்கின்றன என்பதன் அளவு அது.